ஜன்னல் பிடிச்சிருக்கு

அந்த விமானத்துக்குள் உட்கார்ந்து நான் செய்த முதல் காரியம், "ஐயோ!" என்று கத்தியதுதான்.

ஜன்னல் நகர்கிற பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். சுருக்கென்றது. விரலை எடுத்துப் பார்த்தால் சிவப்பு எறும்பு. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு ஊர்வலமே.

"என்னண்ணே, ஷாக் அடிச்சிருச்சா?" வெளியே இறக்கைக்கு அடியில் நின்றிருந்த விமலா கேட்டார்.

"இல்ல மேடம். எறும்பு."

"எறும்பா? விமானத்துலயா?"

வேறு யாராக இருந்தாலும் மருந்து அடிக்கச் சொல்லியிருப்பார்கள். விமலா டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, அந்த எறும்புகள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டே நின்றார். வெயில் கொட்டகையின் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பழைய தோல் இருக்கையின் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடித்தன.

"அண்ணே, எறும்பு வருதுன்னா உள்ள திங்கறதுக்கு என்னமோ இருக்கு. அது என்னன்னு தெரிஞ்சா ஜன்னல் ஏன் நகரலைன்னு தெரிஞ்சிரும்."

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவர் மேல் மரியாதை.

போனில் வந்த குழப்பம்

நான் விமான மெக்கானிக் இல்லை. கரந்தையில் சின்னதாக ஒரு பட்டறை. வீடுகளுக்கும் கடைகளுக்கும் அலுமினியத்தில் ஸ்லைடிங் ஜன்னல் செய்து மாட்டுகிறவன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனில் பேசுவது அதைவிடக் கஷ்டம்.

கொரோனா அடங்கி எல்லோரும் முகமூடியைக் கழற்றிவிட்ட பிறகு வந்த ஒரு கோடையில், பட்டுக்கோட்டையிலிருந்து துரைராஜ் ஐயா கூப்பிட்டார். அவருடைய வீட்டுக்கு ஜன்னல் எல்லாம் போட்டுக் கொடுத்தது நான்தான்.

"செல்வம், ஜன்னல் பிடிச்சிருக்கு" என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வேலை முடிந்து இவ்வளவு நாள் கழித்து யார் இப்படிக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்?

"ரொம்ப சந்தோஷம்ங்க ஐயா."

"எதுக்குய்யா சந்தோஷம்?"

"பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களேங்க…"

"யோவ்! இறுகிப் பிடிச்சிருக்குய்யா! நகர மாட்டேங்குது!"

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி சிரித்த சிரிப்பில் தட்டு கவிழ்ந்தது. நான் அசடு வழிய, "எந்த ரூம் ஜன்னலுங்க?" என்று கேட்டேன்.

"ரூம் இல்ல. விமானம்."

ஐயா இன்னும் கோபத்தில் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கார் அனுப்பியபோதுதான் நம்பினேன்.

தென்னந்தோப்புக்குப் பின்னால்

துரைராஜ் ஐயாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இளம் வயதில் வயல்களுக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டியவர். பிறகு வடக்கே போய், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடியபோது ஏலத்துக்கு வந்த ஒரு பழைய விமானத்தை வாங்கி, இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். தோப்புக்குப் பின்னால், கடலோரத்து உப்புத் தரையில் அவரே ஒரு ஓடுபாதையும் கொட்டகையும் போட்டிருந்தார்.

விமானம் மஞ்சள் நிறம். இறக்கை தலைக்கு மேலே. என்னைவிட வயதில் மூத்தது. அதைச் சுற்றி நடந்து பார்த்தேன். வரிசை வரிசையாக ரிவெட் அடித்திருந்தார்கள். ஒன்றுகூட விலகவில்லை. இருக்கைக்கு அடியில், யாரும் குனிந்து பார்க்காத மூலையில்கூட, தகட்டின் விளிம்பை மழுக்கி விட்டிருந்தார்கள். எந்த தேசத்திலோ, முகம் தெரியாத யாரோ, யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்த வேலை. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

இரண்டு பக்கக் கதவுகளிலும் ஒவ்வொரு ஜன்னல். பாதி நிலையாக நிற்கும், பாதி முன்னும் பின்னும் நகரும். அலுமினியப் பள்ளம், அதற்குள் கம்பளி மாதிரி ஃபெல்ட், அதற்குள் கண்ணாடி. பார்த்தால் என் பட்டறையில் செய்கிற மாதிரியேதான் இருந்தது. இரண்டும் அசையவில்லை.

எங்கள் பக்கத்தில் ஸ்லைடிங் ஜன்னல் இறுகுவது புதிதில்லை. அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் போதும், நெல் சுணை காற்றில் பறந்து வந்து எல்லாப் பள்ளத்திலும் உட்கார்ந்துகொள்ளும். கைபட்டால் அரிக்கிற அந்தத் தூசியால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. சம்பா அறுவடை மாதம் எனக்கு இன்னொரு தீபாவளி.

அதற்கும் முன்னால், வாலிப வயதில், கும்பகோணத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தேன். மழைக்காலத்தில் பஸ் ஜன்னல் நகராமல் போனால் பயணிகள் கையால் குத்துவார்கள். ஒருமுறை கல்யாணக் கோஷ்டி ஒன்று தேங்காயால் இடித்துக் கண்ணாடியை உடைத்துவிட்டு, அந்தத் தேங்காயையே எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனது. இறுகிய ஜன்னலைப் பார்த்தால் மனுஷனுக்கு ஏனோ அடிக்கத்தான் தோன்றுகிறது.

விமலாவுக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு சொட்டு தின்னர்

விமலாவுக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. விவசாயக் குடும்பம். பெங்களூரில் சிறு விமானங்களைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற எஞ்சினியர். லீவு போட்டுவிட்டு இந்த விமானத்துக்காக வந்திருந்தார். எஞ்சின், இறக்கை, சக்கரம் எல்லாம் முடித்துவிட்டார். மிச்சம் இந்த இரண்டு ஜன்னல்கள்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வார முடிவில் பரிசோதனை அதிகாரி வருவதாக இருந்தார். அவர் வரும்போது விமலாவின் கையெழுத்து இருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்து மழைக்காலத்துக்குப் பிறகுதான். ஆனால் துரைராஜ் ஐயாவின் கண்ணில் பிரஷர். பக்கத்துப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, அடுத்த தடவை ஓட்டலாம் என்று எழுதித்தர மாட்டேன் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கையில் இருக்கிற அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது.

அதாவது, இந்த வாரம் ஜன்னல் நகர்ந்தால் அவர் தன் விமானத்தைத் தானே ஓட்டுவார். நகராவிட்டால் இனி ஒருபோதும் இல்லை.

இதைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. பையிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்தேன். பட்டறையில் எல்லா இறுக்கத்துக்கும் அதுதான் வைத்தியம்.

"அண்ணே, நில்லுங்க!"

விமலா அதட்டவில்லை. ஓடிவந்து, ஒரு பெட்டியிலிருந்து உடைந்த துண்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது கண்ணாடி இல்லண்ணே, அக்ரிலிக். இதே மாதிரி பழைய விமானத்தோட துண்டுதான். இதுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க."

விட்டேன். கண்ணெதிரே அதற்குள் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் ஓடின.

"இப்ப இத வளைச்சுப் பாருங்க."

லேசாகத்தான் வளைத்தேன். பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

"இந்த ஜன்னல் ஒடஞ்சா வேற கெடையாதுண்ணே. வெளிநாட்டுலேருந்து வரணும். மாசக் கணக்காவும்."

நான் பாட்டிலைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

ஆயுதபூஜை

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு. அதில் நனைத்த பருத்தித் துணியைப் பள்ளத்தின் மேல் பட்டையாகப் போட்டு ஊறவிடுவது. காத்திருப்பது. மறுபடி நனைப்பது. விமலா வைத்தியம் அவ்வளவுதான். காத்திருக்கிற நேரத்தில் அவர் பேச மாட்டார், போனை நோண்டவும் மாட்டார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

மத்தியானம் வலது ஜன்னல் பள்ளத்தின் ஓரத்தை மூங்கில் குச்சியால் நிமிண்டியபோது ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். கல் மாதிரி இருந்தது. விமலா முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"சந்தனம்!" என்றேன்.

இருவரும் திரும்பி, கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்த காத்தமுத்து அண்ணனைப் பார்த்தோம். தோப்புக் காவல் அவர்தான். கடலோர ஆள். மீன் பிடிக்கப் போவதை விட்டுவிட்டு ஐயாவிடம் வந்து சேர்ந்தவர்.

"என்ன எல்லாரும் என்னயே பாக்குறீங்க? ஆயுதபூஜைக்கு வெக்கிறதுதானேம்மா? பம்ப்செட்டுக்கு வெக்கிறேன், டிராக்டருக்கு வெக்கிறேன், இதுக்கு மட்டும் வெக்கலேன்னா அது கோவிச்சுக்காதா?"

"எங்கண்ணே வெச்சீங்க?"

"கண்ணாடியிலதான். மூணு பட்டை விபூதி, நடுவுல சந்தனம், குங்குமம். வருசா வருசம். நல்லா ஈரமா, வழிய வழிய வெப்பேன்."

வழிந்ததெல்லாம் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறது. அதுவரை சரி. அது ஏன் சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கிறது? எறும்புக்கு விபூதியில் என்ன வேலை? விமலா கட்டியை உடைத்து மறுபடியும் முகர்ந்தார்.

"இதுல எண்ணெய் இருக்கு. யாரு எண்ணெய் விட்டது?"

பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த துரைராஜ் ஐயா கொஞ்சம் நெளிந்தார்.

"அது… நான்தாம்மா. நகரக் கொஞ்சம் கஷ்டப்பட்டுச்சேன்னு தேங்காண்ணெய் விட்டேன். நம்ம செக்குல ஆட்டுனது. சுத்தமான எண்ணெய்."

"சுத்தமா இருக்கப் போயித்தான் சார் எறும்பு வந்திருக்கு."

"ஒரு தடவ விட்டேன், அப்பறமும் இறுகுச்சு. அதனால இன்னும் கொஞ்சம் விட்டேன்."

எண்ணெய், சந்தனம், விபூதி, நெல் சுணை. எல்லாம் சேர்ந்து வருஷக் கணக்காக வெயிலில் வெந்திருக்கிறது. பட்டுக்கோட்டையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் ஒரு விமானத்துக்கு இந்த வியாதி வந்திருக்காது.

லூத்தரன் சபைக்காரரான துரைராஜ் ஐயா சிரிக்க ஆரம்பித்தார். "நான் வண்டிக்காக ஜெபம் பண்ணுவேன், இவன் சந்தனம் வெப்பான். ரெண்டு பேரு பக்தியும் சேந்து ஜன்னல மூடிருச்சு போ!"

"உங்க எண்ணெய்யச் சொல்லுங்கய்யா. என் சாமிய ஏன் இழுக்குறீங்க?" என்றார் காத்தமுத்து அண்ணன்.

கையெழுத்து

சிரிப்பு அடுத்த நாள் இல்லை. வலது ஜன்னல் முதல் நாள் மாலைக்குள்ளேயே நகர்ந்துவிட்டது. இடது ஜன்னல், ஓட்டுகிறவர் பக்கத்து ஜன்னல், அசையவே இல்லை. ஐயா அதிகம் எண்ணெய் விட்டது அந்தப் பக்கம்தான்.

ஐயா பொறுமை இழந்தார். "விமலா, எஞ்சின் சரியா இருக்கு. ரெக்கை சரியா இருக்கு. பறக்கறப்ப ஜன்னலத் தொறந்து கடலையா வாங்கப் போறேன்? கையெழுத்துப் போடும்மா."

"முன் கண்ணாடி பூரா எஞ்சின் ஆயில் அடிச்சிருச்சுன்னா எதைப் பாத்து எறங்குவீங்க சார்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பறந்தவன்மா நானு."

"தெரியும் சார். அப்ப உங்க ஸ்டூடண்ட் இப்படி வந்து நின்னா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

ஐயா குரலை இறக்கி, "அதுவும் இல்லாம இந்தப் பிளாஸ்டிக்கு மங்கிப் போச்சும்மா. இது வழியா பக்கத்துல ஒண்ணுமே தெரியல. தொறந்தாத்தான் எனக்கும் நல்லது" என்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

விமலாவுக்கு அந்த மனுஷன் மேல் பெரிய மதிப்பு. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் பலர் முகத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள். நான் அவரிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன். எப்போதும் போல வார்த்தை வரவில்லை. சுடுதண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

நரம்பு

ஊறிய பசையை இனி அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் விமலா. கத்தி விட்டால் அக்ரிலிக்கில் கோடு விழும். நூல் விட்டுப் பார்த்தார், அறுந்துபோனது. அதைவிடக் கெட்டியான நூல் உள்ளே நுழையவில்லை.

காத்தமுத்து அண்ணன் எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு.

"கொடுவா மீனு இழுத்தே அறுந்ததில்ல. இதப் பாரும்மா."

விமலா அதை விரலில் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்து, துண்டு அக்ரிலிக்கில் முதலில் தேய்த்துப் பார்த்தார். கோடு விழவில்லை. "அண்ணே, நீங்க உள்ள, நான் வெளிய" என்றார்.

நரம்பின் ஒரு முனை என்னிடம், மறு முனை அவரிடம். மரவாடியில் இரண்டு பேர் ரம்பம் இழுப்பது மாதிரி, ஆனால் சத்தமில்லாமல். நான் இழுக்கும்போது அவர் விட வேண்டும். அவர் இழுக்கும்போது நான் விட வேண்டும். கொஞ்சம் வேகம் கூடினாலும் அவர் நிறுத்திவிடுவார். வெந்நீர் விட்டு, ஆறவைத்து, மறுபடி ஆரம்பிப்பார். மூலையில் ஏற்கெனவே ஒரு சின்னக் கீறல் இருந்தது. அந்த இடம் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று முழுக்க நாங்கள் பேசியது குறைவு. என் வாழ்க்கையில் இன்னொரு ஆளோடு இவ்வளவு கூச்சமில்லாமல் நான் இருந்தது அந்த நரம்பின் இரு முனைகளில்தான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலை, கண்ணாடி தானாக ஒரு நெல்லளவு நகர்ந்தது. விமலா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பிடித்திருந்த அலுமினியப் பட்டையைக் கழற்றி, கண்ணாடியை முழுதாக வெளியே எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புது ஃபெல்ட் ஒட்டி, மெழுகு தேய்த்து மாட்டினோம். ஒற்றை விரலால் தள்ளினார். போனது. வந்தது.

காற்றுப் பை

"சார், ஏறி உக்காருங்க."

ஐயா இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். விமலா முன் கண்ணாடியின் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்தினார். நான் வலது கதவுப் பக்கம் நின்றிருந்தேன்.

"முன்னால ஒண்ணும் தெரியல. இப்ப எறங்கணும். என்ன பண்ணுவீங்க?"

ஐயா திரும்பாமலே இடது கையால் ஜன்னலைத் தள்ளினார். அது ஓடிப்போய் நின்றது. "வெண்ணெய் மாதிரி போவுதுய்யா செல்வம்!" என்று கத்தினார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"வெளிய பாருங்க சார். காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

ஓடுபாதைக் கோடியில், கொஞ்சம் இடதுபக்கமாக, ஒரு கம்பம். அதில் காற்றின் திசையைக் காட்டுகிற ஆரஞ்சு நிறத் துணிப்பை. கடல் காற்றில் உப்பிக்கொண்டு நின்றது. எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது.

ஐயா தலையை நீட்டிப் பார்த்தார். கொஞ்சம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். கீழே விழுந்த சாவியைத் தேடுகிற மாதிரி இருந்தது.

பிறகு கையை நீட்டி, ஜன்னல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அங்கே கண்ணாடி இல்லை. காற்றுதான் இருந்தது. கை வெளியே போனது.

என் கை தானாக அந்தக் கம்பத்தைக் காட்ட எழுந்தது. விமலா என்னைப் பார்த்தார். இறக்கிவிட்டேன்.

"ஐயா, அந்தத் தென்னைக்கு இந்தாண்ட…" என்று ஆரம்பித்தார் காத்தமுத்து அண்ணன்.

"காத்தமுத்து, வாய மூடு."

விமலா கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. ஐயா கையை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஓடுபாதையில் எங்கிருந்தோ வந்த ஆடு ஒன்று கத்தியது.

"கண்ணாடிதான் மங்கிருச்சுன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். வீட்டுக்கு நடந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் விமானத்தின் மூக்கைக் கையால் தொட்டபடியே சுற்றிக்கொண்டு நான் நின்ற பக்கம் வந்தார்.

"செல்வம், கொஞ்சம் நவுரு."

வலது இருக்கையில் ஏறினார். பெல்ட்டைப் போட்டார். அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். காலியாக இருந்த இடது இருக்கைக்கு மேலாகக் குனிந்து சொன்னார்:

"விமலா, எங்கிட்டப் படிச்ச பையன் ஒருத்தன் இப்ப திருச்சியில பிளேன் ஓட்டுறான். வரச் சொல்லுவோம். அந்த சீட்டு அவனுக்கு. நீ இப்ப கையெழுத்தப் போடும்மா."